மாயாபந்தரின் தனிமை யார் செய்த ஏற்பாடு?

அந்தமானில் உள்ள மாயாபந்தரும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. ஆனால் மாயாபந்தர் பன்னிரண்டு பாகைக்கு மேல் கிழக்கே தள்ளி இருப்பதால், சென்னையில் மறைவதற்கு ஐம்பது நிமிடம் முன்பே அங்கே சூரியன் மறைந்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் மாலை ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து வெளியே வருபவர் இருட்டில்தான் அறைக்குத் திரும்புகிறார். அதிலிருந்து தூக்கம் வரும்வரை நான்கைந்து மணி நேரம் இருக்கிறது. வீட்டில் மனைவி மக்கள் இருந்தால் அது பேச்சிலும் சமையலிலும் பிள்ளைகளின் பாடத்திலும் கரைந்துவிடும். குடும்பத்தை மெயின்லேண்டிலோ போர்ட் பிளேரிலோ விட்டுவிட்டு வேலைக்காக வந்தவருக்கு, அந்த நான்கைந்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்பது அன்றாடச் சிக்கல். (போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பேச்சில் பழைய பெயரே இன்னும் ஓடுகிறது.)

இந்தத் தனிமையை ஏன் பொதுப்பிரச்சினையாகப் பேச வேண்டும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்த்தால் தெரியும். அந்த ஆண்டில் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அந்த விகிதம் 42.8. அதற்கு மேலே இருந்தது சிக்கிம் மட்டும்தான், 43.1. தீவுகளின் மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு லட்சம்தான். பத்திருபது பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் எகிறும், இறங்கும். எனவே இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. ஓராண்டுக் கணக்கென்றால் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 2019-ல் 45.5, 2020-ல் 45.0, 2021-ல் 39.7, 2022-ல் 42.8 என்று நான்கு ஆண்டுகளும் தேசிய சராசரியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நிற்கும் எண்ணைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சிறிய ஊர்களில் ஆண்டுக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் இப்படிப் போகிறார்கள் என்றால், ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்த ஒரு பெயராவது அதில் இருக்கும்.

இந்த மரணங்களுக்கெல்லாம் தனிமைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆவணக் காப்பகத்தின் படிவத்தில் குடும்பப் பிரச்சினை, நோய், கடன், காதல் விவகாரம், குடிப்பழக்கம், தேர்வுத் தோல்வி என்று பல கட்டங்கள் இருக்கின்றன. காவல்துறை எதை எழுதுகிறதோ அதுவே காரணமாகிறது. தனிமைக்கு அதில் கட்டமே கிடையாது. அது மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் அடியில் ஓடுவது. கடன் எல்லோருக்கும் இருக்கிறது; கடனைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல ஆள் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அது ஒரே எடை இல்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-லேயே தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதி, ஒரு சமூகம் தன் ஆட்களை எவ்வளவு இறுக்கமாகப் பிணைத்து வைத்திருக்கிறது என்பதோடு அந்த எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்தார். 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லுன்ஸ்டாடும் அவருடைய சக ஆய்வாளர்களும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பாதிப் பங்கு கூடுதல் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்றும் ஆண்டுக்கு 8,71,000 மரணங்களோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் கணித்தது. தனிமை பணக்கார நாட்டுக்காரர்களின் வியாதி, நமக்கேது என்று நினைப்பவர்கள் அதே அறிக்கையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தனிமையாக உணர்வதாகச் சொன்னவர்கள் பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதம், ஏழை நாடுகளில் சுமார் 24 சதவீதம்.

இனி மாயாபந்தருக்கு வருவோம். அந்தமானில் யார் எப்படி வந்தார்கள் என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் வேறு வேறு. 1925-ல் ஆங்கிலேய அரசின் காட்டு வேலைக்காக பர்மாவிலிருந்து கரேன் மக்கள் அழைத்துவரப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக, தங்கள் கிறிஸ்தவ சபையோடு வந்தார்கள்; மாயாபந்தருக்கு அருகே வெபி என்ற ஊரைக் கட்டிக்கொண்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் அந்த ஊரும் மொழியும் தேவாலயமும் இருக்கின்றன. நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளையும் அரசு குடும்பமாகத்தான் குடியமர்த்தியது, நிலமும் கொடுத்தது. ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிகளும், தெலுங்கர்களும், தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள். மேஸ்திரி ஆள் கேட்டார், ஆண்கள் கப்பலேறினார்கள். 1901-ல் இந்தத் தீவுகளில் ஆயிரம் ஆண்களுக்கு 318 பெண்கள்தான் இருந்தார்கள் என்றால், அது கைதிகள் காலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 876-தான். தமிழ் பேசுவோர் அந்தக் கணக்கெடுப்பில் சுமார் 15 சதவீதம். அவர்களில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடும்பத்தோடு வேரூன்றியவர்கள் ஏராளம், கோயில் கட்டிப் பங்குனி உத்திரம் கொண்டாடுகிறவர்கள். என் கவலை அவர்களைப் பற்றியல்ல. கரேன்களுக்குத் துயரமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கூட்டமாக வந்தவரும் ஒற்றையாக வந்தவரும் ஒரே தீவில் இரு வேறு வாழ்க்கை வாழ்கிறார்கள். அந்த வேறுபாட்டை அவரவர் குணம் தீர்மானிக்கவில்லை, அழைத்துவந்த விதம் தீர்மானித்தது.

அழைத்துவந்த விதம் இன்றும் மாறவில்லை. சாலை, பாலம், கட்டடம் என்று தீவுகளில் எந்தப் பணி நடந்தாலும் அதன் ஓரத்தில் ஒரு ஷெட் முளைக்கிறது. தகரக் கூரை, தார்ப்பாய்ச் சுவர், வரிசையாகப் பாய், ஒரே மின்செருகியில் தொங்கும் ஏழெட்டு மொபைல். அதில் இருப்பவர்கள் பல ஊர்க்காரர்கள், பல மொழிக்காரர்கள். சேர்ந்து உழைக்கிறார்கள், சேர்ந்து சமைக்கிறார்கள், ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் பிரிகிறவர்கள். அரசு ஊழியர் பக்கம் இன்னொரு விதம். மாயாபந்தர் வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தின் தலைநகரம். மாவட்டம் பிறந்தது 2006-ல். ஆட்சியர் அலுவலகம், கல்லூரி, மாவட்ட மருத்துவமனை எல்லாம் அங்கே இருப்பதால் ஆசிரியர், குமாஸ்தா, காவலர், செவிலியர் என்று பலர் மாற்றலாகி வருகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைப் போர்ட் பிளேரிலேயே வைத்துவிட்டுத் தாம் மட்டும் வருவது பலருடைய வழக்கம். போர்ட் பிளேருக்குச் சுமார் 240 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் அது சனி ஞாயிறு போய்வரும் தூரம். அங்கே ஒரு பகல் முழுதும் பிடிக்கும். அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் போவதால், அந்தப் பகுதியில் வண்டிகள் குறித்த வேளைகளில் கான்வாயாக மட்டுமே விடப்படுகின்றன. இரவில் அனுமதி இல்லை. பாராடாங்கில் வண்டியோடு படகேறிக் கடக்க வேண்டும். ஜாரவாக்களின் பாதுகாப்புக்கான அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. தளர்த்தச் சொல்பவன் நானில்லை. ஆனால் அதன் விலையை யார் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மெயின்லேண்டுக்கு என்றால் இன்னும் நீளம்: முதலில் போர்ட் பிளேர், பிறகு கப்பல் டிக்கெட் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருப்பு, பிறகு சென்னைக்கு ஏறத்தாழ மூன்று நாள் கடல். விமானம் உண்டுதான், அப்பா இறந்த செய்தி கேட்டு அன்றைக்கே டிக்கெட் எடுக்கும் கூலித்தொழிலாளிக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும்: இப்போதுதான் இணையம் வந்துவிட்டதே? 2020 ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டுத் திறந்தார்கள்; அது மாயாபந்தர் இருக்கும் மாவட்டத்து ரங்கத் வரையும் வருகிறது. செயற்கைக்கோளை நம்பிச் செய்தித்தாளைக்கூடத் திறக்க முடியாமல் தவித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். வீடியோ காலில் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவது சிறிய ஆறுதல் இல்லை. ஆனால் போனில் ஒருவர் என்ன பேசுகிறார்? பணம் வந்ததா, மாத்திரை வாங்கியாயிற்றா, பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள். தன் நெஞ்சில் இருப்பதைச் சொன்னால் அங்கே இருப்பவர்கள் பயந்துபோவார்கள் என்று மறைத்துவிட்டு, "நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுகிறார். தூரத்தில் இருக்கும் மனைவியும் அதையேதான் செய்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மறைக்கிறார்கள். கூடவே, போனில் முகத்தைப் பார்த்துவிட்டோம் என்பதால் நேரில் போவதைத் தள்ளிப்போடவும் அது ஒரு சாக்காகிவிடுகிறது. முதலாளிக்கும் அது வசதி.

மாயாபந்தர் சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அங்கே என்ன தனிமை என்பது அடுத்த கேள்வி. தெரிந்தவர்கள் கண் முன்னே நடமாடுவதும் நெருக்கமும் ஒன்றாகிவிடாது. சின்ன ஊரில் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனவரை படகுத்துறையில் நிற்பவர்கூடப் பார்த்துவிடுவார். மறுநாள் அலுவலகத்தில் பேச்சாகிவிடும். அதனால்தான் பெரிய நகரத்தில் முகம் தெரியாமல் கிடைக்கும் உதவிகூட இங்கே கிடைப்பதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதாலேயே வாய் மூடிக்கொள்ளும் தனிமை இது. மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காமல் இருப்பவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு நாடு முழுவதற்கும் கணக்குச் சொன்னது. அதற்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம்.

குடியை விட்டால் பாதி சரியாகிவிடும், பிறகு எதற்கு இந்தத் தத்துவமெல்லாம் என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. குடியைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஐந்து மணிக்கு இருட்டிவிடும் ஊரில், ஷெட்டில் பாயைத் தவிர வேறெதுவும் இல்லாதவருக்கு, நாலு பேரோடு உட்காரக் கிடைக்கும் இடம் சாராயக் கடை ஒன்றுதான் என்றால், குடியைக் காரணமாக மட்டும் பார்ப்பது கணக்கைப் பாதியில் நிறுத்துவது. இன்னும் சிலர், சம்பாதிக்க வந்தவன் தைரியமாக இருக்க வேண்டாமா என்பார்கள். 2022-ல் நாடெங்கும் தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். இத்தனை பேருக்கும் தைரியக் குறைச்சல் என்று நம்புவதைவிட, தினக்கூலியின் வாழ்க்கை அமைப்பில் ஏதோ கோளாறு என்று நம்புவது எளிது.

சரி, மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் ஒரு சோதனை நடத்தி 2008-ல் முடிவை வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு. பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் ஒருவர் போன் செய்தோ வீட்டுக்குப் போயோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், மொத்தம் ஒன்பது தடவை. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், ஒன்பது தடவை விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இன்னொரு தீவுக்கூட்டமான பிரெஞ்சு பாலினீசியாவில் இதையே செய்து பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே பங்கேற்றவர்கள் 200 பேர், அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இறப்பு வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம். சென்னைச் சோதனையில் பங்கு வகித்த டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986-ல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். தமிழ்நாட்டில் உள்ள இலங்கை அகதி முகாம்களிலும் அவர் குழு இதைப்போன்ற வேலையைச் செய்தது. முகாமில் இருப்பவர்களையே பயிற்றுவித்து வீடு வீடாகப் போகச் செய்தார்கள். அவர்கள் போய்வந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. பெரிய படிப்பு வேண்டாம், அதே மொழி பேசும் ஆள் போதும் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருபது மொழிகளில் இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்கிறது. தாங்க முடியாத எண்ணம் வருபவர்கள் தயங்காமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆனால் அது அழைப்புக்காகக் காத்திருக்கும் சேவை. தனித்துப்போனவர் முதலில் இழப்பது, தான் யாரையாவது அழைக்கலாம் என்ற நம்பிக்கையை. அந்த ஒன்பது தடவைகளில் போன் செய்தது மருத்துவமனை, நோயாளி அல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு பக்கம். முதல் பக்கம், ஒற்றை ஆளாக அழைத்துவருவதன் விலையை அழைத்துவருபவரே கொடுக்கச் செய்வது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்குப் போக வரப் பயணப்படி தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் ஊருக்குப் போய்வரும் கட்டணத்தை முதலாளி தர வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. தீவுகளில் அரசுப் பணி எடுக்கும் ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், ஆட்கள் ஊர் போய்வந்த டிக்கெட்டைக் காட்டச் சொன்னால் போதும். ரயில் டிக்கெட்டை அல்ல, கப்பல் அல்லது விமான டிக்கெட்டை. கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு ஊழியர்களாக இருந்தால் ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்ற வழிகாட்டுதல் ஏற்கெனவே உண்டு. மாயாபந்தர் போன்ற ஊர்களுக்கு அதை விதிவிலக்கில்லாமல் நடைமுறைப்படுத்துவதும், வருபவருக்குத் திரும்பும் தேதியை முதலிலேயே எழுத்தில் கொடுப்பதும் பைசா செலவில்லாத வேலை. எப்போது திரும்புவோம் என்று தெரிந்த பிரிவும் தெரியாத பிரிவும் ஒன்றல்ல.

மற்றொரு பக்கம், மாயாபந்தரில் உள்ள டாக்டர் ஆர்.பி. மருத்துவமனை. அங்கே மனநல மருத்துவர் எத்தனை பேர் வேண்டும் என்ற விவாதம் நடக்கட்டும். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. தன்னைத் தானே வருத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு, அதில் அந்த ஒன்பது தேதிகள், அவர் பேசும் மொழி பேசக்கூடிய ஒருவரின் பெயர். இதைச் செய்ய ஆஷா பணியாளர், கல்லூரி மாணவர், வெபி சபையின் ஊழியர், தமிழ்க் கோயில் கமிட்டிக்காரர் என்று ஆளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சியும் போக்குவரத்துச் செலவும்தான் தேவை. மதமும் அரசியலும் இதற்குள் நுழைந்துவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் பதிவேடு மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்கிறேன், கோயிலிலோ தேவாலயத்திலோ அல்ல. நோயாளியின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது 2017 மனநலச் சட்டப்படி மருத்துவமனையின் கடமை. ஒன்பது தேதிகளையும் முதல் நாளிலேயே எழுதிவைத்துவிட்டால், பாதியில் அந்தச் செவிலியர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்கு, யாருக்கு எந்த வாரம் போன் செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.